விமானம் விழுந்தால் அணுகுண்டும் வெடிக்குமா?

கேள்வி: 1961-இல் அமெரிக்காவில் விழுந்த ஹைட்ரஜன் குண்டு வெடிக்காமல் காத்தது ஒரே ஒரு சுவிட்ச்தான் என்று மகள் பேச்சுப் போட்டிக்கு எழுதியிருக்கிறாள். அப்படியே விடலாமா? இன்றைய குண்டுகளும் அப்படித்தானா?

பதில்: ஒரு சின்னத் திருத்தத்தோடு விடலாம். அன்று விழுந்தவை இரண்டு குண்டுகள். சுவிட்ச் கதை அவற்றில் ஒன்றுக்கே பொருந்தும்.

வட கரோலினாவின் கோல்ட்ஸ்பரோ அருகே, எரிபொருள் கசிந்த ஒரு பி-52 விமானம் வானிலேயே உடைந்தது. உடைந்த வேகத்தில் ஒரு குண்டின் பாதுகாப்பு ஊசிகள் உருவப்பட்டன. உடனே டைமர் ஓடியது, பாராசூட் விரிந்தது; விமானி வேண்டுமென்றே போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். 'ஆர்ம்' (வெடிக்கத் தயார்), 'சேஃப்' (வெடிக்காது) என்று இரு நிலை கொண்ட சுவிட்ச் மட்டும் 'சேஃப்'பில் நின்றது. அமெரிக்க அணு ஆயுத ஆய்வுக்கூடமான சான்டியாவின் பார்க்கர் ஜோன்ஸ் 1969-இல் எழுதிய குறிப்பில் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான்: சாதாரணக் குறைந்த மின்னழுத்தச் சுவிட்ச் அது, விமானம் உடையும்போது ஒரு ஷார்ட் சர்க்யூட் ஆனாலே குண்டு வெடிக்கப் போதும். பாராசூட் விரியாமல் சேற்றில் புதைந்த இன்னொரு குண்டின் சுவிட்ச் 'ஆர்ம்' என்றே காட்டியது. மோதிய அதிர்ச்சியில் குறி நகர்ந்திருந்ததே தவிர, உள்ளே மின்தொடர்பு ஏற்படவில்லை.

விழுந்த அடியால் மட்டும் அணுவெடிப்பு வந்துவிடாது. புளூட்டோனியத்தைச் சுற்றியுள்ள வெடிமருந்து எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் வெடிக்க வேண்டும். 1966-இல் ஸ்பெயினின் பாலோமாரெஸில் இரண்டு குண்டுகளின் வெடிமருந்து வெடித்து, வயல்களில் புளூட்டோனியம் சிதறியது, அணுவெடிப்பு இல்லை. ஆக, பயப்பட வேண்டியது அந்த ஒரே கணத்து வெடிப்பைத் தூண்டும் வயரிங்கைப் பார்த்துத்தான்.

அதற்கு 1970-களில் சான்டியா கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. வெடிக்கவைக்கும் மின்சுற்றை மூடிய பகுதிக்குள் வைத்து, வாசலில் ஒரு 'வலுவான இணைப்பு' வைத்தார்கள். குறிப்பிட்ட வரிசையில் மின்துடிப்புகள் வந்தால்தான் அது திறக்கும். மின்னலோ ஷார்ட் சர்க்யூட்டோ அந்த வரிசையைத் தற்செயலாக உண்டாக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. சரி, தீயில் அந்த வாசலே உருகினால்? அதற்காக அதன் பக்கத்திலேயே 'பலவீனமான இணைப்பு'. வீட்டு ஃப்யூஸ் போல, சூடு ஏறினால் வாசலுக்கு முன்பே இது செத்துவிடும். அப்புறம் குண்டுக்கு உயிர் கிடையாது. 1977-இல் பி61 குண்டின் ஒரு ரகத்தில் இது முதலில் வந்தது.

தீயிலும் அடியிலும் எளிதில் வெடிக்காத டிஏடிபி என்ற வெடிமருந்தும் பிறகு வந்தது. ஆனால் அதே ஆற்றலுக்கு எடை கூடும் என்பதால், நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து ஏவும் டிரைடென்ட் ஏவுகணைகளின் டபிள்யூ76, டபிள்யூ88 அணுகுண்டு முனைகளில் இன்றும் பழைய வகை மருந்துதான்.

பேச்சில் ரகசியக் குறியீட்டுப் பூட்டையும் இதோடு சேர்த்துவிட வேண்டாம். 1962-இல் கென்னடி உத்தரவிட்ட அந்தப் பூட்டு, அனுமதியில்லாதவர் கையில் குண்டு சிக்கினால் பயன்படுத்த முடியாதபடி செய்வதற்கு, விபத்துக்கு அல்ல.