கேரி கிராண்டின் தொடக்க காலம்: கேள்வி பதில்

கேள்வி: ஹாலிவுட் நடிகர் கேரி கிராண்ட் நடிக்கத்தான் அமெரிக்கா போனாரா சார்?

பதில்: குட்டிக்கரணம் போடப் போனார். 1904ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தவர்; இயற்பெயர் ஆர்ச்சி லீச். பள்ளிக்கூடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். பாப் பெண்டரின் வித்தைக் குழுவில் சேர்ந்து, 1920ல் ஒலிம்பிக் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கினார். அப்போது வயது 16. பின்னாளில் அங்கேயே தங்கிவிட்டார். வேலை இல்லாத நாளில் கோனி தீவில் உயரமான பொய்க்கால் கட்டிக்கொண்டு விளம்பரத்துக்கு நடந்தார்; பொடியன்கள் காலைத் தட்டிவிடப் பார்ப்பார்களாம். அவர் நடிப்பைப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அவரைக் கண்டுபிடித்தவர் நடிகை மே வெஸ்ட்தானே?

பதில்: இல்லை. மே வெஸ்டோடு அவர் நடித்த 'ஷி டன் ஹிம் ராங்' வந்தது 1933ல். அதற்கு முன் 1932ல் மட்டும் ஏழு படம். முதல் படமான 'திஸ் இஸ் தி நைட்'டில் ஈட்டி எறியும் வீரர். பாரமவுண்ட் ஸ்டுடியோ ஏற்கெனவே சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆளைக் கண்டுபிடிப்பதாவது!

கேள்வி: மே வெஸ்டே சொல்லியிருக்கிறாரே?

பதில்: சொன்னார், பல தடவை. அதனால்தான் எச்சரிக்கிறேன்: நட்சத்திரங்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதையை முதலில் படங்களின் தேதியோடு ஒத்துப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் 'பிளாண்ட் வீனஸ்' எடுத்த ஸ்டெர்ன்பெர்க்?

பதில்: அவர் கிராண்டின் தலை வகிட்டைப் பக்கம் மாற்றினார். வகிடு மாற்றியவருக்கெல்லாம் தலையைக் கண்டுபிடித்த பேரா?

கேள்வி: அவர் பேசியதாகச் சொல்லும் 'ஜூடி, ஜூடி, ஜூடி' வசனம் எந்தப் படம்?

பதில்: எந்தப் படமும் இல்லை.

கேள்வி: ஹிட்ச்காக் படங்களில் எது பிடிக்கும்?

பதில்: அது 1941ல்தான் தொடங்கியது. இன்று வேண்டாம்.

கேள்வி: பெயர் ஏன் மாறியது?

பதில்: 'நிக்கி' நாடகத்தில் அவர் பாத்திரம் கேரி லாக்வுட். கேரி அங்கிருந்து வந்தது. கிராண்ட் ஸ்டுடியோ பட்டியலிலிருந்து.

கேள்வி: மே வெஸ்ட் இல்லாவிட்டால் அவர் யார்?

பதில்: மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள், தயவுசெய்து.

கேள்வி: சரி, அவர் அவராக ஆனது எப்போது?

பதில்: நல்ல கேள்வி. பாரமவுண்டில் பல படங்களில் கோட்டு மாட்டிய அழகன், அவ்வளவுதான். வேறு கம்பெனிக்கு இரவல் போய், 1935ல் கியூகர் எடுத்த 'சில்வியா ஸ்கார்லெட்'டில் லண்டன் ஏமாற்றுக்காரராக வந்தபோதுதான் பழைய ஆர்ச்சி எட்டிப் பார்த்தார். படம் படுத்துவிட்டது, ஆள் நிமிர்ந்துவிட்டார். பாரமவுண்ட் ஒப்பந்தம் முடிந்ததும், ஒரே கம்பெனிக்குக் கட்டுப்படாமல் 1937ல் 'தி ஆஃபுல் ட்ரூத்'. அதில் ஐரீன் டன் பாடும் கச்சேரியில் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, மேஜையோடு விழுவார். பெண்டர் குழுவில் படித்த பாடம் அது.