கல்யாண மண்டபத்தில் முடிவான விலை

கேள்வி: எங்கள் பக்கம் இடத்தின் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் நாலைந்து முதலாளிமார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சுதான் என்கிறார்களே, நிஜமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: நிஜம்தான். கடைக்காரரும் மில்காரரும் சந்தித்தால் தொழில் பேசத்தான் செய்வார்கள். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சுக்கு இவ்வளவு பலம் வந்தது நம்மால்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீடு. கை கழுவிவிட்டு வந்த இருவர் பேசியது என் காதில் விழுந்தது. "அண்ணாச்சி, நாலுவழிச் சாலைக்கு மேக்க மூணு ஏக்கர் வருது. பாதி எடுத்துக்கிடுதியளா?" "சென்ட் என்ன சொல்லுதான்?" தாம்பூலப் பை வாங்குவதற்குள் முடிந்துவிட்டது. நிலத்துக்காரர் அந்த மண்டபத்திலேயே இல்லை.

இனி அவருக்கு அட்வான்ஸ் போகும். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். இருந்தும் பதியாத அக்ரிமெண்டில்தான் கையெழுத்து வாங்குவார்கள். அது அதே வட்டத்துக்குள் இரண்டு மூன்று கை மாறும். கிரயத்தன்று பத்திர ஆபீசில் எதிரே உட்கார்ந்திருப்பவர் யாரென்றே விற்பவருக்குத் தெரியாது. இடையில் ஏறிய விலையும் தெரியாது.

எப்படித் தெரியும்? அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு தொகையைப் பத்திரத்தில் எழுதிவிட்டு மீதியை ரொக்கமாக வாங்கிக்கொள்கிறோமே! முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதை மிச்சம் பிடிக்கத்தான் இவ்வளவும். பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போனது என்று பத்திர நகல் எடுத்துப் பார்க்கிற சம்சாரி கண்ணில் படுவது பொய்க் கணக்கு. உண்மை விலையை அறிய அந்த நாலைந்து பேரில் ஒருவரைத்தான் அவர் கேட்க வேண்டியிருக்கிறது.

எனக்கு ஆறாத வருத்தம் இன்னொன்று. நம் நிலத்தை அரசு எடுத்தால், 2013-ம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டப்படி, வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்தில் முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான பத்திரங்களில் அதிக விலை காட்டும் பாதியின் சராசரியையும் பார்த்து, எது அதிகமோ அதை வைத்தே சந்தை மதிப்பைக் கணக்கிடுவார்கள். நேற்று பக்கத்து வயல்காரர் குறைத்து எழுதிய விலை, இன்று உங்கள் இழப்பீட்டில் விழுகிறது. ரொக்கம் வாங்கியவர் அவர், நஷ்டம் உங்களுக்கு.

விற்கிற எண்ணம் இருந்தால் பதியாத அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குகிற விலை முழுவதையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். வந்தவர் முகம் சுளித்தால் அட்வான்ஸைத் தொடாமல் திருப்பி அனுப்புங்கள்.