கார் நிறுத்துமிடத் தரைக்குப் பூச்சு: கேள்வி பதில்

வீட்டுப் போர்டிகோ, அடுக்ககக் கார் நிறுத்துமிடம், வாசல் சாய்தளம் ஆகியவற்றின் கான்கிரீட் தரைப் பூச்சு பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

வேளச்சேரி: எங்கள் அடுக்ககக் கார் நிறுத்துமிடத்தில் மே மாதம் எப்பாக்சி பூசினோம். நவம்பரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. குத்தினால் நீர் கசிகிறது. மட்டமான பெயின்டைப் பூசிவிட்டார்களா?

பெயின்டைக் குறை சொல்வதற்கு முன் அதன் அடியில் இருப்பதைப் பாருங்கள், அம்மா. மண்மேல் போட்ட தளத்துக்குக் கீழே பாலித்தீன் விரிப்பு இல்லாவிட்டால், மண்ணின் ஓதம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். வெறும் தரையாக இருந்தவரை அது ஆவியாகிப் போனது. சுவரோரம் வெள்ளையாக உப்புப் பூத்ததைத் தவிர வேறொன்றும் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. பிளாஸ்டிக் போல இறுகிப் படலமாக நிற்கும் பிசின் பூச்சான எப்பாக்சி அந்த வழியை அடைத்துவிட்டது. மே மாதத்தில் நிலத்தடி நீர் இறங்கிக் கிடந்ததால் தரை காய்ந்திருந்தது. வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறியதும், அடியில் தேங்கிய ஈரமும் அதில் கரைந்த உப்பும் சேர்ந்து பூச்சைத் தூக்கிவிட்டன. கொப்புளத்து நீர் காரத்தன்மை உடையதாக இருக்கலாம். வெறும் கையால் தொடாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது இது. 45 சென்டிமீட்டர் சதுரத்தில் தடித்த பாலித்தீன் ஷீட்டை வெறும் தரைமேல் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது ஷீட்டின் அடியில் முத்து முத்தாக நீர் நின்றாலோ, தரை கறுத்திருந்தாலோ பூசக் கூடாது. தண்ணீர்த் தொட்டியை ஒட்டியும், சுவரோரத்திலும், நடுவிலும் தனித்தனியாகச் சோதியுங்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் செய்யும் சோதனைதான் நம் ஊருக்குப் பொருந்தும். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் தரைத்தளக் கார் நிறுத்துமிடத்துக்குப் படலமாக நிற்கும் எந்தப் பூச்சையும் நான் பரிந்துரைப்பதில்லை. கான்கிரீட்டுக்குள் ஊறி, அதிலுள்ள சுண்ணாம்புடன் வினைபுரிந்து கெட்டிப்படுத்தும் லித்தியம் சிலிகேட் போதும். தூசி பறப்பது குறையும், ஓதமும் ஆவியாக வழி இருக்கும்.

மதுரை: தளம் போட்டுப் பத்து நாளாகிறது. கிரகப்பிரவேசத்துக்கு முன் எப்பாக்சி பூசிவிடலாமா?

கூடாது. 28 நாள் ஆக வேண்டும். அதற்குப் பிறகும் ஷீட் சோதனை செய்த பின்னரே பூச வேண்டும்.

கோவை: ஆசிட் ஊற்றிக் கழுவினால் பூச்சு நன்றாகப் பிடிக்கும் என்கிறார் எங்கள் பெயின்டர். அது போதுமா, மெஷின் வைத்துத் தேய்க்க வேண்டுமா?

நம் கொத்தனார்கள் ஈரத்தளத்தின்மேல் சிமெண்டைத் தூவி, கரண்டியால் பளபளவென்று இழைத்துவிடுவது வழக்கம். கண்ணுக்கு அழகான அந்த மேல்தோல்தான் தளத்தில் மிகவும் பலவீனமான பகுதியாக இருக்கும். அதன்மேல் பூசிய எப்பாக்சி பெயர்ந்து வரும்போது, அடிப்பக்கத்தில் சாம்பல் நிறச் சிமெண்ட் ஒட்டியிருப்பதைக் காணலாம். பூச்சு பிடித்துக்கொண்டது, தோல் விட்டுவிட்டது என்பதே அதன் பொருள். ஆசிட் இந்தத் தோலைச் சீராக அரிப்பதில்லை; எண்ணெய் பட்ட இடத்தில் வேலையே செய்வதில்லை. அதைக் கழுவ ஊற்றும் நீர் முழுவதும் தரைக்குள் இறங்குகிறது. அதிலுள்ள குளோரைடு உள்ளே தங்கினால் கம்பி துருப்பிடிக்கும். ஆகவே வைரக்கல் பொருத்திய கிரைண்டிங் மெஷினால் தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுங்கள். தடவினால் தரை உப்புத்தாள் போலச் சொரசொரக்க வேண்டும். தெளித்த நீர் உருண்டு நிற்காமல் உடனே ஊற வேண்டும்.

திருச்சி, கட்டடப் பொறியாளர்: ஷீட் சோதனையை இவ்வளவு நம்பலாமா? அது மேற்பரப்பு ஈரத்தை மட்டுமே காட்டும். தளத்தில் துளையிட்டு ஈரப்பத அளவியைச் செருகுவதுதான் முறை.

நீங்கள் சொல்லும் முறை சிறந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு பக்கம் மட்டுமே காயும் தளத்தில், அதன் கனத்தில் 40 சதவீத ஆழத்தில் அளக்க வேண்டும். ஆனால் ஒரு போர்டிகோவுக்காக அந்தக் கருவியைத் தேடிப் போகிறவர் யார்? ஷீட் நனைந்தால் அந்தத் தீர்ப்பு உறுதி. நனையாவிட்டால், அன்றைக்கு ஈரம் தெரியவில்லை என்று மட்டுமே கொள்ள வேண்டும்.

திருச்சி, மீண்டும்: வெயிலில் தரை சூடாக இருந்தால் ஈரம் இருந்தும் ஷீட்டில் நீர் கோக்காதே?

உண்மை. இந்த எச்சரிக்கையை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். நேர் வெயில் படாத இடத்தில், இரவு முழுவதும் உள்ளடங்கும்படி விரிக்க வேண்டும். நூறு கார் நிற்கும் அடுக்ககமாக இருந்தால், உங்கள் கருவிக்குச் செலவிடுவதே நியாயம்.

நாகர்கோவில்: எந்த பிராண்ட் நல்லது?

பிராண்ட் சொல்ல மாட்டேன், கணக்கு சொல்கிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கனம் நிற்க ஒரு லிட்டர் வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு, அதாவது 93 சதுர மீட்டருக்கு, பத்து லிட்டர் போதும் என்று ஒருவர் சொன்னால், அவர் தரப்போவது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். கரைப்பானோ நீரோ கலந்த பூச்சாக இருந்தால் காய்ந்த பின் அதுவும் குறையும்.

சேலம்: டயர் நின்ற இடத்தில் மட்டும் பூச்சு உரிகிறது.

ஓடி வந்த டயரின் சூடு மெல்லிய பூச்சை இளக்குகிறது. ஆறும்போது டயர் சுருங்கி அதை இழுக்கிறது. தேய்க்காத தரை, மெல்லிய பூச்சு, அவசரமாக நிறுத்திய கார் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். பூசிய பின் ஒரு வாரமாவது காரை வெளியே நிறுத்துங்கள்.

தூத்துக்குடி: எந்த பிராண்ட் வாங்கலாம்? கேட் வரை வெயில் படும் சாய்தளத்துக்கும் எப்பாக்சி பூசலாமா?

முதல் கேள்விக்கு நாகர்கோவிலுக்கான பதிலைப் பாருங்கள். சாய்தளத்துக்கு எப்பாக்சி வேண்டாம். வெயிலில் மஞ்சளித்துச் சுண்ணாம்பாக உதிரும், மழையில் வழுக்கும். சிலேன்-சிலாக்சேன் அடிப்படையிலான ஊடுருவும் பூச்சு நீரைத் தள்ளும், ஆவியை விடும், தரையின் சொரசொரப்பையும் மாற்றாது.

வேலூர்: மொட்டை மாடி ஒழுகுகிறது.

நீர்க்கசிவு வேலை பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

ஈரோடு: பெயின்டர் நாளையே வருகிறார். ஷீட் சோதனையை விட்டுவிட்டால் என்ன?

அவரை இரண்டு நாள் தள்ளி வரச் சொல்லுங்கள்.