உடைந்த பீஸ் மட்டும் போதாது: ஹெலிக்கல் கியர் கேள்வி-பதில்

ஸ்பர் கியர் சத்தம் தாங்காமல் ஹெலிக்கலுக்கு மாறினோம். சத்தம் குறைந்தது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பேரிங் போகிறது. கியர் வெட்டியவர் சொதப்பிவிட்டாரா? (காக்களூர்)

அவர் பாவம், விட்டுவிடுங்கள். ஸ்பரில் பல் நேராக இருக்கும், ஹெலிக்கலில் சாய்ந்திருக்கும். பல் சாய்ந்தால் ஷாஃப்டை நீளவாக்கில் தள்ளும். 20 டிகிரி சாய்வு என்றால், பல்லைச் சுழற்றும் விசையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பக்கவாட்டுத் தள்ளலாக வரும். நீங்கள் ஸ்பருக்குப் போட்டிருந்த பழைய சிலிண்டரிக்கல் ரோலரையே விட்டு வைத்திருப்பீர்கள். அது நீளவாக்கு லோடு தாங்கப் பிறந்ததல்ல. டேப்பர் ரோலர் அல்லது ஆங்குலர் கான்டாக்ட் போடுங்கள். மோட்டார் இரண்டு பக்கமும் சுற்றுமென்றால் தள்ளும் திசையும் மாறும், அதனால் இரு பக்கமும் தாங்கல் வேண்டும். தள்ளலே வேண்டாமென்றால், பாதி இடமும் பாதி வலமும் சாய்ந்த பல் கொண்ட ஹெரிங்போன் இருக்கிறது, செலவு அதிகம். சிட்ரோயன் கார் முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கூரை மாதிரிச் சின்னம் இருக்கிறதே, அது ஹெரிங்போன் பல்தான். கார் கட்டுவதற்கு முன் ஆந்த்ரே சிட்ரோயன் கியர் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஜோடியில் இரண்டும் ரைட் ஹேண்டா, ஒன்று லெஃப்டா? (கிண்டி)

ஷாஃப்டுகள் இணையாக இருந்தால் ஒன்று ரைட், ஒன்று லெஃப்ட். கியரைத் தரையில் படுக்க வைத்து முன்னாலிருந்து பாருங்கள். பல் வலப்பக்கமாக ஏறினால் ரைட் ஹேண்ட்.

கிரஷர் கியர்பாக்ஸில் பினியன் பல் போய்விட்டது. உடைந்த பீஸைப் பையில் போட்டு ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். அதே மாதிரி ஒன்று போட எவ்வளவு ஆகும்? (திருமழிசை)

என் பொறுமைதான் முதலில் செலவாகும். மாதத்துக்குப் பத்துப் பைகளாவது இப்படி வருகின்றன. உள்ளே கிரீஸும் மண்ணும் அப்பிய ஒரு பினியன் (ஜோடியில் சின்னக் கியர்), கூடவே "அதே மாதிரி" என்ற ஒற்றை வாக்கியம். எந்த மாதிரி? தேய்வதற்கு முன் இருந்த மாதிரியா, இப்போது இருக்கிற மாதிரியா?

உடைந்த பீஸ் பொய்ச் சாட்சி. அது சொல்வதில் பல் எண்ணிக்கையை மட்டும் நம்பலாம். வெளிவிட்டத்தை வெர்னியரில் பிடித்தாலும் கரெக்ஷன் கொடுத்து (கட்டரைக் கொஞ்சம் தள்ளி வைத்து) வெட்டியதா இல்லையா என்று தெரியாது. பழைய இங்கிலாந்து மெஷினாக இருந்தால் மாட்யூலே (மில்லிமீட்டரில் பல் அளவு) கிடையாது, டிபி (ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல்). 6 டிபி என்பது 4.233 மாட்யூல். அதை 4 என்று எடுத்தாலும் கெட்டது, 4.5 என்று எடுத்தாலும் கெட்டது.

சாய்வுக் கோணம் இதைவிட மோசம். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஏமாந்தேன். 19 பல் பினியன் ஒன்று வந்தது. பல் நுனியில் ஸ்டாம்ப் பேட் மை தடவி, வெள்ளைத் தாளில் நேராக உருட்டி, விழுந்த கோடுகளுக்கு புரோட்ராக்டர் வைத்தேன். 17 டிகிரியும் கொஞ்சமும் வந்தது. அதையே வைத்து வெட்டி, ஹார்டன் பண்ணி, பெருமையாக எடுத்துப் போனேன். பெரிய கியரின் பல்லுக்குள் பாதி தூரம் போனது, அங்கேயே நின்றுவிட்டது. அதன் பிறகு சுத்தியால் தட்டினாலும் நகரவில்லை.

மை காட்டியது நுனியின் கோணம். நமக்கு வேண்டியது பிட்ச் வட்டத்தின், அதாவது பல்லின் நடுவில் இரண்டு கியரும் சந்திக்கும் வட்டத்தின், கோணம். அந்தப் பினியனில் அது 15.74. ஒன்றரை டிகிரிதானே என்பீர்கள். 50 மி.மீ. அகலத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றரை மில்லி விலகல். பல் இடைவெளியில் நாம் விடுகிற பேக்லாஷ் 0.2 மில்லி. எப்படிப் போகும்?

பிறகு ஹவுசிங்கில் ஷாஃப்ட் உட்காரும் இரண்டு போர்களை (துளைகளை) மையத்துக்கு மையம் அளந்தேன், சரியாக 160 மி.மீ. ஜோடிக் கியரில் 58 பல். இரண்டும் சேர்ந்து 77, மாட்யூல் 4. நாலை 77-ஆல் பெருக்கி 320-ஆல் (160-இன் இரட்டிப்பு) வகுத்தால் 0.9625. அதுதான் கோணத்தின் காஸ். புரோட்ராக்டரும் மையும் இல்லாமல் 15.74 வந்து விழுந்தது. (கரெக்ஷன் இல்லாத ஜோடி என்பதால் இவ்வளவு சுலபம்.)

ஆகவே இந்த மையத்துக்கு மையத் தூரத்தை, சென்டர் டிஸ்டன்ஸை, அளந்து எழுதுங்கள். ஜோடிக் கியரையும் கொண்டு வாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஓடித் தேய்ந்த கியரோடு புதுப் பினியனைச் சேர்த்தால் புதுசும் சீக்கிரம் போய்விடும். முடிந்தால் ஜோடியாகவே மாற்றுங்கள். பையை மட்டும் அனுப்பாதீர்கள்.

மாட்யூல் 4, 15 டிகிரி, அகலம் 30 மி.மீ. ஹெலிக்கல் போட்டும் சத்தம் குறையவில்லையே? (மாதவரம்)

அகலம் போதாது. ஒரு பல் விடும்போது அடுத்த பல் பிடித்திருக்க வேண்டும். அதற்கு உங்கள் கணக்கில் சுமார் 50 மி.மீ. வேண்டும். 30-க்குள்தான் முடிக்க வேண்டுமென்றால் 25 டிகிரிக்குப் போக வேண்டும். அப்போது பல்லைச் சுழற்றும் விசையில் கிட்டத்தட்ட பாதி பக்கவாட்டுத் தள்ளலாக வரும். காக்களூர்க்காரருக்கு எழுதியதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் கன்வேயர் டிராயிங்கில் எல்லாக் கியருக்கும் டிஐஎன் 5 போட்டிருக்கிறோம். மெட்டீரியல் இஎன் 8. ரேட் ஏன் இவ்வளவு? (அம்பத்தூர்)

யாரோ பழைய டிராயிங்கிலிருந்து காப்பியடித்திருக்கிறார்கள். டிஐஎன் என்பது பல் துல்லியத்தின் தரம், எண் குறையக் குறைய விலை ஏறும். ஹாபிங்கில் (சுழலும் கட்டரால் பல் வெட்டுவது) 8 வரும், நல்ல மெஷினும் நல்ல கட்டரும் இருந்தால் 7. 5 வேண்டுமென்றால் பல் கிரைண்டிங். மெதுவாக ஓடும் கன்வேயருக்கு எதற்கு அது? இஎன் 24 ஸ்டீலை டஃப்பன் (சூடாக்கி உறுதிப்படுத்தல்) பண்ணி ஹாப் செய்து போட்டால் வருஷக்கணக்கில் ஓடும்.

லோடும் வேகமும் நிஜமாகவே அதிகம் என்றால் 20எம்என்சிஆர்5 அல்லது இஎன் 353 ஸ்டீல், கேஸ் ஹார்டனிங் (கார்பன் ஏற்றி மேல்தோலை மட்டும் கடினமாக்குவது) 58 முதல் 60 ஹெச்ஆர்சி கடினம், அப்புறம் கிரைண்டிங். மாட்யூல் 4-க்கு முடிந்த பிறகு கேஸ், அதாவது அந்தக் கடினத் தோல், 0.8 மி.மீ. நிற்க வேண்டும். கிரைண்டிங்கில் ஒரு பக்கத்துக்கு 0.15 போகும், அதையும் சேர்த்துக் கார்புரைஸ் செய்யச் சொல்லுங்கள். ஹீட் ட்ரீட்மென்டில் வளைந்த கியரை அப்படியே ஏற்றினால் ஒரு பக்கத்துக் கேஸ் முழுக்கக் கிரைண்டிங் கல்லோடு போய்விடும். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே பச்சை இரும்பு.

மில்லிங் மெஷினில் 24 பல், 20 டிகிரி ஹெலிக்கல் வெட்ட எந்த நம்பர் கட்டர்? (பாலிடெக்னிக் மாணவர், தரமணி)

நல்ல கேள்வி, இந்த மாதத்தில் ஒழுங்காக எழுதப்பட்ட ஒரே கேள்வியும் இதுதான். 24-க்கான கட்டரை எடுக்காதீர்கள். 24-ஐ காஸ் 20-இன் மும்மடிப் பெருக்கால் வகுத்தால் கிட்டத்தட்ட 29 வரும். 26 முதல் 34 பல்லுக்கான கட்டர்தான் உங்களுக்கு. மாட்யூல் செட்டில் அது 5-ஆம் நம்பர், டிபி செட்டில் 4-ஆம் நம்பர். இரண்டின் எண் வரிசையும் ஒன்றுக்கொன்று தலைகீழ், கட்டரின் மேல் பொறித்திருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

வயர் கட்டில் ஹெலிக்கல் போட முடியுமா? (பெருங்குடி)

ஸ்பர் போடலாம். ஹெலிக்கலுக்கு ஹாபிங் மாதிரி கட்டரால் வெட்டுவதுதான்.

அவசரம். கேஸ் ஹார்டன், கிரைண்டிங் எல்லாம் சேர்த்து 2 நாளில் வேண்டும். டீடெயில்ஸ் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருக்கிறேன். (ஸ்ரீபெரும்புதூர்)

ஃபர்னஸில் கார்பன் ஏறவே ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதற்கு முன் பிளாங்க், ஹாபிங், பின்னால் டெம்பரிங், போர் கிரைண்டிங், பல் கிரைண்டிங். போட்டோவில் கியர் பக்கத்தில் ஒரு டீ கிளாஸ் தெரிகிறது, சென்டர் டிஸ்டன்ஸ் தெரியவில்லை.