நெடுந்தூர சைக்கிளுக்கு எந்த ஹேண்டில்பார்?

கேள்வி: நேரான ஹேண்டில்பார் உள்ள ஹைப்ரிட் சைக்கிளில் பைகளை ஏற்றிக்கொண்டு ஒரு நாளைக்கு 70, 80 கி.மீ. ஓட்டுகிறேன். இரண்டு மணி நேரம் தாண்டினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துவிடுகின்றன. மாலையில் கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. ரேஸ் சைக்கிளில் வருவது போன்ற வளைந்த ட்ராப் ஹேண்டில்பாருக்கு மாற்றினால் சரியாகுமா? இல்லையென்றால் வேறு எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் சைக்கிளுக்கு ட்ராப் பார் வேண்டாம். மணிக்கட்டை வளைக்காமல் பிடிக்கக்கூடிய, கையை வைக்க இரண்டு மூன்று இடம் தருகிற ஹேண்டில்பார்தான் உங்களுக்குத் தேவை. அதை ட்ராப் பார் இல்லாமலேயே பெறலாம். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் சீட்டைப் பாருங்கள். கை மரத்துப்போவதாகச் சொல்பவர்களில் பலருக்குப் பிரச்சினை தொடங்குவது அங்கேதான்.

சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தருவது அல்நார் நரம்பு. உள்ளங்கையின் அடியில், சுண்டு விரல் பக்கம், இரண்டு சிறு எலும்புகளுக்கு நடுவே உள்ள குறுகலான வழியாக அது விரலுக்குப் போகிறது. நேரான பாரில் உடல் பாரம் அந்த இடத்தில்தான் இறங்குகிறது. போதாததற்கு, மணிக்கட்டும் வெளிப்பக்கமாகத் திருகி நிற்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் அது வேறு நரம்பு. அதற்குப் பெரும்பாலும் மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்திருப்பதே காரணம். பிரேக் லீவரின் கோணத்தைத் திருத்தினாலே பலருக்கு அது குறையும். உங்களுக்கு முதல் வகைதான்.

சீட்டின் மேல் தட்டையான ஒரு புத்தகத்தை நீளவாக்கில் வைத்து, அதன்மேல் போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து வையுங்கள். சைக்கிள் சமதரையில் நிற்க வேண்டும். சீட்டின் மூக்கு 3, 4 டிகிரி கீழே சரிந்திருந்தாலும் உடல் நாள் முழுக்க முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது உங்கள் கைகள்தான். மட்டமாக்குங்கள். பிறகு, வண்டி நடமாட்டம் இல்லாத சமமான சாலையில் மிதமாக மிதித்தபடி, விரல்கள் ரப்பர் கைப்பிடியான கிரிப்பைச் சுற்றியே இருக்க, உள்ளங்கையை மட்டும் ஒரு செ.மீ. தூக்கிப் பாருங்கள். உடல் அப்படியே நின்றால் சரி. முன்னால் விழுவது போல் இருந்தால் சீட் அதிகம் முன்னால் இருக்கிறது என்று பொருள். 5 மி.மீ. பின்னே தள்ளி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். 10 மி.மீ.க்கு மேல் தள்ள நேர்ந்தால் கால் முழுதாக நீளாதபடி சீட்டை இரண்டொரு மி.மீ. இறக்கவும் வேண்டியிருக்கும்.

அடுத்தது உயரம். சுமையோடு நெடுந்தூரம் போகிறவருக்கு ஹேண்டில்பார் சீட்டின் மட்டத்திலோ, அதற்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே கீழேயோ இருப்பது நல்லது. கழுத்துப் பிடிப்புக்கு முக்கியக் காரணம் பார் தாழ்ந்தோ எட்டியோ இருப்பது. சாலையைப் பார்க்கத் தலையை நாள் முழுக்க அண்ணாந்தே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. உயர்த்தச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. ஹேண்டில்பாரைக் கவ்வி முன்சக்கர ஃபோர்க்கின் குழாயோடு இணைக்கும் துண்டுதான் ஸ்டெம். அதன் மேல் 6 டிகிரி என்று அச்சிட்டிருந்து, அது கீழ்நோக்கிப் போட்டிருந்தால், கழற்றித் திருப்பிப் போடுங்கள். 100 மி.மீ. நீள ஸ்டெம்மில் சுமார் 2 செ.மீ. உயர்ந்துவிடும். ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் வளையங்கள் இருந்தால் அவற்றை எடுத்து ஸ்டெம்முக்கு அடியில் போடலாம். ஒவ்வொரு 10 மி.மீ. வளையத்துக்கும் பார் ஏறக்குறைய 3 மி.மீ. உங்கள் பக்கமாகவும் வரும். அதற்காக மிக உயரமாகத் தூக்கிவிடாதீர்கள். பாரம் முழுக்க இடுப்பில் இறங்கும், எதிர்காற்றில் நெஞ்சு கப்பல் பாய்போல் நின்று வேகத்தைத் தின்னும்.

இதையெல்லாம் செய்து ஒரு வாரம் ஓட்டியும் விரல் மரத்துப்போனால், அப்போது பாரை மாற்றுங்கள்.

ட்ராப் பார் ஏன் வேண்டாம் என்றால், நேரான பாருக்கென்று வடிவமைத்த பிரேமில் சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவிலான குழாய் நீளமாக இருக்கும். ட்ராப் பாரில் பெரும்பாலும் பிடித்து ஓட்டுவது பிரேக் லீவரின் மேல்மூடியை. அது ஸ்டெம்மிலிருந்து 8, 10 செ.மீ. முன்னால் இருக்கிறது. அதாவது உங்கள் கை இன்னும் ஒரு சாண் அளவில் பாதி தூரம் முன்னே போகும். கழுத்து வலி கூடும். அதை ஈடுகட்டும் அளவுக்கு ஸ்டெம்மைக் குறைக்க இடமே இருக்காது. பாகங்களும் ஒத்துவராது. நேரான பாரில் லீவர் மாட்டும் இடத்தின் விட்டம் 22.2 மி.மீ., ட்ராப் பாரில் 23.8 மி.மீ. எனவே இப்போதுள்ள பிரேக் லீவரும் கியர் லீவரும் அதில் ஏறாது. உங்களுக்கு வி-பிரேக் (ரிம்மை இரண்டு நீண்ட கரங்களால் பிடிக்கும் பிரேக்) என்றால் அது இழுக்கும் கேபிள் நீளம் அதிகம், சாதாரண ட்ராப் லீவர் அவ்வளவு இழுக்காது, பிரேக் பிடிக்காது. கியரிலும் இதே சிக்கல்: ஷிமானோவின் 9 கியர் காலத்து மலைச் சைக்கிள் டெரெய்லர் (கியர் மாற்றச் செயினைத் தள்ளும் பாகம்) ரேஸ் சைக்கிள் கியர் லீவரோடு ஒத்துப்போகும், 10 கியர் வந்த பிறகு ஒத்துப்போகாது. எல்லாவற்றையும் மாற்றிக் கூட்டிப் பார்த்தால், ட்ராப் பாருக்கென்றே செய்த ஒரு பழைய சைக்கிளை வாங்குவதே மேல் என்று தோன்றும்.

உங்களுக்கு ஏற்றது பின்நோக்கி வளைந்த பார். சாதாரண நேர் பாரின் முனை 5 முதல் 9 டிகிரிதான் பின்னால் சாய்ந்திருக்கும். கையை முன்னால் நீட்டி இரண்டு பென்சில்களை இயல்பாகப் பிடித்துப் பாருங்கள். எவர் கையிலும் பென்சில்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காது, வெளிமுனைகள் உங்களை நோக்கிச் சாயும். அந்தச் சாய்வைத்தான் பார் தர வேண்டும். 16 முதல் 25 டிகிரி வரை வளைந்தவை நெடுந்தூரத்துக்கும் சுமைக்கும் நன்றாக ஒத்துவருகின்றன. 45 டிகிரி வளைந்த ஜோன்ஸ் எச்-பார் போன்றவை மணிக்கட்டுக்கு இன்னும் சுகம், கை வைக்க இடமும் நிறைய. ஆனால் அவை கிரிப்பை வெகுவாகப் பின்னால் கொண்டுவருகின்றன. நீளமான ஸ்டெம் தேவைப்படும், கிரிப் பகுதி இறுக்கமான திருப்பத்தில் முழங்காலில் இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டாம்பூச்சி வடிவ பாரும் பலர் கேட்பது. அதில் பிடிக்கும் இடம் தாராளம். விட்டம் 22.2 மி.மீ. என்பதால் உங்கள் பழைய லீவர்கள் அப்படியே ஏறும், அதுதான் அதன் பெரிய வசதி. குறை என்னவென்றால், எதிர்காற்றில் முன்விளிம்பைப் பிடித்துக் குனியும்போது பிரேக் கைக்கெட்டாது. நின்றுகொண்டு மேடு ஏறினால் பார் கொஞ்சம் நெளியும். பாரின் மேல் மெத்தென்று சுற்றும் டேப் ஒரு ஜோடி போதாது. நெரிசல் இல்லாத சமவெளிச் சாலையில் நாள் கணக்கில் போகிறவருக்கு நல்ல தேர்வு. சந்து பொந்துகளில் ஓட்டுபவருக்கு அல்ல.

வாங்கும்போது பெட்டியில் மூன்று எண்களைப் பாருங்கள். முதலாவது ஸ்டெம் கவ்வும் நடுப்பகுதியின் விட்டம். 25.4, 26.0, 31.8, 35 மி.மீ. என்று நான்கு அளவுகள் புழக்கத்தில் உண்டு. 25.4க்கும் 26.0க்கும் இடையே 0.6 மி.மீ.தான் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். 26.0 ஸ்டெம்மில் 25.4 பாரைப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும், பெரிய குழியில் இறங்கும்போது பார் சுழன்றுவிடும். 25.4 பாரை 31.8 ஸ்டெம்மில் போட அதற்கென்றே அலுமினிய இடைவளையம் கிடைக்கிறது, அது பாதுகாப்பானது. வீட்டில் தகரத்தை வெட்டிச் சுற்றுவது கூடாது.

இரண்டாவது அகலம். சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, தண்டால் எடுப்பதுபோல் சாய்ந்து நில்லுங்கள். கைகள் தாமாக அமரும் இடத்தை வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை அளந்தால் ஒரு தொடக்க எண் கிடைக்கும். பெரும்பாலோருக்கு 58 முதல் 70 செ.மீ.க்குள் அடங்கும். முன்சக்கரத்தின் மேல் பை தொங்கவிடுபவர் இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்; சுமை ஏறிய முன்சக்கரத்தைத் திருப்பக் கொஞ்சம் அகலம் கைகொடுக்கும். சந்தேகம் இருந்தால் அகலமானதையே வாங்குங்கள். இருபுறமும் திறந்த கிரிப் என்றால் லீவர்களையும் கிரிப்பையும் 1 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பிடித்த பிறகு மிச்சத்தை அறுத்துவிடலாம். அறுத்த பாரை ஒட்டவைக்க முடியாது.

மூன்றாவது, எளிதில் மறந்துபோவது: வளைவுக்கு வெளியே உள்ள நேர்ப்பகுதியின் நீளம். கிரிப்புக்கு 13 செ.மீ., பிரேக் லீவருக்கும் கியர் லீவருக்கும் சேர்த்து 4, 5 செ.மீ. ஆக ஒரு பக்கத்துக்கு 17, 18 செ.மீ. வேண்டும். அழகாக வளைந்த சில பார்களில் இது 15 செ.மீ.கூட இருக்காது. லீவரின் பட்டை வளைவில் உட்காராது. வலிய இறுக்கினால் பட்டை விரியும், பாரில் கீறல் விழும்.

பின்வளைந்த பாரால் கிரிப் 2 முதல் 4 செ.மீ. உங்கள் பக்கம் வரும். இப்போது எட்டிப் பிடிப்பதாகத் தோன்றினால் அதுவே மருந்து, ஸ்டெம்மை மாற்ற வேண்டாம். இப்போதைய தூரம் சரியாக இருந்தால் அந்த அளவுக்கு நீளமான ஸ்டெம் போடுங்கள்.

கிரிப்பில் உள்ளங்கையைத் தாங்கும் தட்டையான இறகுள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் நரம்புக்கு இது நேரடியான உதவி. போல்ட் வைத்து இறுக்கும் வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இறகு மெல்ல மெல்லச் சுழலும். மாட்டும்போது லூசாக விட்டு, சீட்டில் உட்கார்ந்து, வழக்கம்போல் பிடியுங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் நிற்கும் கோணத்தில் இறுக்குங்கள். இறகை மேலே தூக்கி வைத்தால் அது மணிக்கட்டை மடக்கி, தீர்க்க வந்த வலியைக் கூட்டிவிடும். மாற்றுப் பிடிக்கு, கிரிப்போடு சேர்ந்த குட்டிக் கொம்புகள் (பாரிலிருந்து முன்னே நீட்டும் கைப்பிடிகள்) போதும். அல்லது தனிக் கொம்புகளை லீவர்களுக்கு உட்புறம், ஸ்டெம்முக்கு இரு பக்கமும் மாட்டலாம். கைகள் ஒடுங்கி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி வரும். எதிர்காற்றுக்கு அருமையான நிலை. பிரேக் எட்டாது என்பதால் திறந்த சாலையில் மட்டும். ஹேண்டிலில் முன்பக்கப் பை மாட்டும் பிடியும் அதே இடத்தைக் கேட்கும், இரண்டும் சேர்ந்து அடங்குமா என்று முன்கூட்டியே அளந்துவிடுங்கள். கார்பன் பாரில் உட்புறக் கொம்பு வேண்டாம். கவ்வுவதற்கென்று பலப்படுத்தாத இடம் நசுங்கும்.

மாட்டும் வேலையில் தவறு நடப்பது பெரும்பாலும் ஸ்டெம்மின் முன்தட்டில். நான்கு போல்ட்டுகளின் மரையில் லேசாகக் கிரீஸ் தடவி, கையாலேயே பிடிக்கும் அளவு திருகி, பிறகு குறுக்குக் குறுக்காக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். தட்டின் மேலேயும் கீழேயும் உள்ள இடுக்கு ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் வாய் திறந்திருந்தால், பாரம் ஒரு ஜோடி போல்ட்டின் மேலேயே விழுந்து ஒரு நாள் அது அறுந்துவிடும். மேல்பக்கம் இடுக்கே இல்லாமல் மூடும்படி செய்த ஸ்டெம்களில் மட்டும் அதன் குறிப்பைப் பின்பற்றுங்கள். இறுக்கம் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். ஸ்டெம்மில் அச்சிட்ட எண்ணே இறுதி.

ஸ்டெம்மை ஃபோர்க் குழாயிலிருந்து கழற்றியிருந்தால் வரிசை முக்கியம். முதலில் ஸ்டெம்முக்கு மேலே உள்ள மூடியின் போல்ட்டைத் திருகி ஆட்டத்தை எடுக்க வேண்டும், அதன் பிறகே ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஃபோர்க் குழாய் நுழையும் சைக்கிளின் கழுத்தில் டக் டக் என்று ஆட்டம் தெரியக்கூடாது. ஹேண்டிலும் தடையில்லாமல் திரும்ப வேண்டும்.

பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். கேபிள் உறை எங்காவது விறைத்து இழுத்தால் நீளமானதாக மாற்றியே ஆக வேண்டும். பாரை 3 செ.மீ.க்கு மேல் உயர்த்தியவருக்கு இது அநேகமாக நிச்சயம். ஹைட்ராலிக் பிரேக் என்றால் குழாயை மாற்றி எண்ணெய் நிரப்பி, காற்றெடுக்க வேண்டும். இதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய நிலையை ஒட்டுநாடாவால் குறித்துக்கொள்ளுங்கள். சுமையோடு இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகுதான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும், தெருமுனை வரை போய் வந்தால் எந்த பாரும் சுகமாகத்தான் இருக்கும். 4, 5 மி.மீ. ஆலன் கீகளைக் கையோடு எடுத்துப் போய், வழியில் நிறுத்தி பாரை 5 டிகிரி மேலே கீழே சுழற்றிப் பாருங்கள். பின்வளைந்த பாரில் அந்தச் சிறு சுழற்சியே பெரிய வித்தியாசம் தரும்.

சைக்கிளை விட்டு இறங்கி இரண்டு மூன்று நாளாகியும் மரப்பு போகவில்லை, அல்லது சாவி திருப்பவும் விரல்களை விரிக்கவும் பலம் குறைகிறது என்றால் ஓட்டுவதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் பாரை மாற்றிக்கொண்டு ஓட்டிப் பார்ப்பது நரம்புக்குக் கேடு.