கையெழுத்துப் போடும் முன்…

கேள்வி: அண்ணே, எனக்கு வயது 24. ஊர் பாம்பன். அப்பா விசைப்படகில் போகிறார், அம்மா பாசி எடுக்கப் போவார். நான் ஐடிஐ முடித்துவிட்டு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பாட்டு எழுதி, நானே மெட்டுப் போட்டுப் பாடுவேன். நண்பன் லேப்டாப்பில் இசை சேர்க்க, வீட்டிலேயே 3 பாட்டு பதிவு செய்திருக்கிறோம். ஒன்றை யூடியூபில் போட்டு 2 மாதம் ஆகிறது, 412 வியூஸ்தான் வந்திருக்கிறது. ஒரு சேனல்காரர் மூன்று பாட்டையும் 10,000 ரூபாய்க்குக் கேட்கிறார், பத்திரத்தில் கையெழுத்து வேண்டுமாம். இன்னொருவர் 6,000 ரூபாய் கொடுத்தால் ஒரு லட்சம் வியூஸ் ஏற்றித் தருகிறேன் என்கிறார். 'வர்ற காச விடாதே' என்கிறார் அம்மா. 'சென்னைக்குப் போனாத்தான் நடக்கும்' என்கிறான் நண்பன். ஸ்பாட்டிஃபை, ஜியோசாவனில் எல்லாம் பாட்டு வர என்ன செய்ய வேண்டும்? நான் யார் பேச்சைக் கேட்பது?
– பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய மூன்று பாட்டையும் ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டு தடவை கேட்டேன். பாசிக்குப் போகிற பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொள்வதைப் பாடியிருக்கிறீர்களே, அந்த இரண்டாவது பாட்டை மட்டும் நாலு தடவை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த 6,000 ரூபாயையும் கொடுக்காதீர்கள்.

அம்மா சொல்வதில் தப்பில்லை. மீன்பாடு இல்லாத மாதத்தில் 10,000 ரூபாய் ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இன்னொரு விஷயம் இருக்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு, பிடித்த மீனை யாரிடம் கொடுக்க வேண்டும், என்ன விலைக்குக் கொடுக்க வேண்டும்? ஏலத்தில் பக்கத்துப் படகின் மீன் நல்ல விலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே, தன் கூடையை அவர் சொன்ன விலைக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். முன்பணம் வாங்கியவராவது கடனை அடைத்துவிட்டு வெளியே வரலாம். எழுதிக் கொடுத்துவிட்ட பாட்டைத் திருப்பி வாங்குவது அதைவிடக் கஷ்டம்.

1990-களில் ராமநாதபுரத்தில் கேசட் கம்பெனி ஒன்றுக்கு நான் நாலு மெட்டுப் போட்டுக் கொடுத்தேன். 2,000 ரூபாய் கையில் வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருஷம் பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிர்க்கடையில் என் மெட்டு ஓடியது. கேசட் அட்டையை வாங்கிப் பார்த்தேன், இசை என்ற இடத்தில் வேறு ஒருவர் பெயர். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதவில்லை என்றால் 5 ஆண்டு என்றுதான் கணக்கு. எந்த இடத்துக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். இது தெரிந்தவர்கள்தான் பத்திரத்தில் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்', 'இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்' என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் பத்திரத்தில் இந்த மூன்று சொற்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி பாதுகாப்பு இருக்கிறது. அந்த ராயல்டியை வசூலித்துத் தருவது ஐபிஆர்எஸ் என்ற சங்கம். பாட்டு வெளியான பிறகு பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

சேனல்காரரை விரட்ட வேண்டாம். அவருக்கு நிஜமாகவே பாட்டு பிடித்திருந்தால், இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'ஒரு பாட்டின் வீடியோவை மட்டும் உங்கள் சேனலில் ஓராண்டு வைத்துக்கொள்ளுங்கள், உரிமை என்னிடமே இருக்கும், மற்ற இடங்களில் நான் போட்டுக்கொள்வேன்.' இதற்குச் சம்மதிக்கிறவர் என்றால் உட்கார்ந்து பேசலாம். சம்மதிக்கவில்லை என்றால் அவருக்கு வேண்டியது என்ன என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது அந்த ஒரு லட்சம் வியூஸ். அது ஆளே இல்லாத கணக்கு. ஓடுவது இயந்திரம், கேட்கிற காது ஒன்றும் இல்லை. யூடியூப் அதைக் கண்டுபிடித்தால் எண்ணிக்கையைக் கழித்துவிடும். ஸ்பாட்டிஃபையில் பாட்டையே தூக்கிவிடக்கூடும், பாட்டைத் தளங்களுக்கு அனுப்பித் தருகிற விநியோக நிறுவனத்துக்கு அபராதமும் போடக்கூடும். அந்த நிறுவனம் உங்கள் கணக்கை மூடிவிடலாம், அதில் கிடந்த நியாயமான காசும் அதோடு போகலாம். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு இப்படி ஆகி, ஒன்றரை வருஷ உழைப்பு ஒரே வாரத்தில் காணாமல் போனது.

சரி, எல்லாத் தளங்களிலும் பாட்டை எப்படிக் கொண்டுவருவது? நேராக ஸ்பாட்டிஃபையிடம் கொடுக்க முடியாது. நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர், சிடி பேபி, ரூட்நோட் என்று பல இருக்கின்றன. சிலர் ஆண்டுச் சந்தா வாங்குவார்கள். சிலர் ஒரு வெளியீட்டுக்கு ஒரே தடவை கட்டணம் வாங்கிக்கொண்டு வருமானத்தில் சிறு பங்கும் எடுப்பார்கள். சிலர் முன்னால் ஒன்றும் வாங்காமல் பங்கு மட்டும் எடுப்பார்கள். சந்தா கட்டத் தவறினால் பாட்டை இறக்கிவிடுகிற நிறுவனங்களும் உண்டு, அதனால் அந்த விதியைச் சேரும் முன்பே படியுங்கள். 3 பாட்டு மட்டும் கையில் வைத்திருக்கிற, மாதச் சம்பளம் நிச்சயமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, முன்னால் காசு கேட்காத திட்டம் போதும் என்பது என் கருத்து. வருமானம் கூடினால் அப்புறம் மாறிக்கொள்ளலாம். மாறும்போது பாட்டுக்குரிய ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்துக் குறியீட்டை அப்படியே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள எண் அதுதான். அதை மாற்றாமல் வைத்திருந்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை புதிய இடத்திலும் தொடர வாய்ப்பு. நோட்டில் எழுதி வையுங்கள்.

அதற்கும் முன்னால் நண்பரோடு உட்கார்ந்து ஒரு வேலை முடிக்க வேண்டும். வரி யாருடையது, மெட்டு யாருடையது, இசைக்கோர்ப்பு யாருடையது, காசு வந்தால் ஆளுக்கு எவ்வளவு என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காசு வருவதற்கு முன் இதைப் பேசுவது சுலபம். அவர் சேர்த்திருக்கும் தாளத் துண்டுகள் எங்கிருந்து எடுத்தவை என்றும் கேளுங்கள். அனுமதி இல்லாதது என்றால் மாற்றியே ஆக வேண்டும். எல்லாரும் பயன்படுத்தலாம் என்று தருகிற துண்டு என்றால் வெளியிடலாம், ஆனால் ஒரு பாட்டு வேறு எங்கே வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கிற கன்டென்ட் ஐடி என்ற யூடியூப் காப்புக்குள் அந்தப் பாட்டைக் கொடுக்காதீர்கள். அதே துண்டை வைத்திருக்கிற வேறு யாருடைய பாட்டின் மேலாவது உங்கள் பெயரில் புகார் போய் நிற்கும். மூன்றாவது பாட்டில் கரைவலை இழுக்கும் அம்பா பாட்டின் அடி வருகிறது, தாத்தா சொல்லிக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அடியை உங்கள் வரி என்று போடாமல், மரபுப் பாடல் என்று குறிப்பிடுங்கள். அது கரை முழுவதுக்கும் சொந்தம்.

இன்னொன்று, நீங்கள் வைத்திருக்கும் கலைஞர் பெயரைத் தேடிப் பார்த்தேன். அதே பெயரில் ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள். உங்கள் பாட்டு வேறொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஊர்ப் பெயரையோ வீட்டுப் பெயரையோ சேர்த்துத் தனியாகத் தெரிகிற மாதிரி வையுங்கள். நம் ஆட்கள் ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள், அதனால் எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள்.

முதல் பாட்டின் தொடக்கத்தில் 40 வினாடி எஞ்சின் சத்தம் வருகிறது. உங்களுக்கு அது உயிர் என்று தெரிகிறது, எனக்கும் பிடித்தது. ஆனால் ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு. குரல் வருவதற்குள்ளேயே முன்பின் தெரியாதவர் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். அங்கே 8 வினாடியாகக் குறைத்துவிட்டு, முழு எஞ்சினையும் யூடியூபில் விடியற்காலைப் படகுக் காட்சியோடு வையுங்கள். காட்சியோடு பார்க்கிறவர் காத்திருப்பார்.

மூன்றையும் ஒரே நாளில் போடாதீர்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஐந்தாறு வாரம் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் மூன்று நாலு வாரம் முன்னதாகவே விநியோக நிறுவனத்தில் ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை கலைஞர் பக்கத்தில், வெளியாவதற்குக் குறைந்தது 7 நாள் முன்பு பாட்டைப் பற்றி எழுதிச் சமர்ப்பித்தால், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் வாராந்தரப் புதுப் பாட்டுப் பட்டியலில் அது வரும்.

எந்த நாளில் வெளியிடலாம்? என்னைக் கேட்டால் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். பெயின்ட் அடிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவார்கள். கையில் வேலை, காது சும்மா. பாம்பனிலும் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் உங்கள் பாட்டுக்கு உரியவர்கள் எல்லாரும் சிக்னல் கிடைக்கிற இடத்தில் இருக்கிற காலம் அது ஒன்றுதான். மற்ற நாளில் கரை மறைந்து கொஞ்ச தூரத்தில் போனில் கோடு போய்விடும், படகில் ஓடுவது டிரைவர் வைத்திருக்கும் பென்டிரைவ்தான். அந்த பென்டிரைவிலும் உங்கள் பாட்டை நீங்களே போட்டுக் கொடுங்கள். அதற்குக் காசு வராது, எந்தத் தளத்திலும் கணக்கில் ஏறாது. ஆனால் ராத்திரி முழுக்க வலை போட்டு இழுக்கிறவர்கள் நாற்பது தடவை கேட்ட பாட்டைக் கரைக்கு வந்து முணுமுணுப்பார்கள். 412 வியூஸுக்கு அதில் எத்தனை மடங்கு மதிப்பு இருக்கிறது என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்.

கடல் ஓசை பண்பலை உங்கள் ஊரிலேயே 90.4-இல் இருக்கிறது. மீனவர்களுக்காகவே நடக்கிற சமுதாய வானொலி. லிங்க் அனுப்பாமல் நேரில் போங்கள். பாட்டை எழுதிய கதையைச் சொல்லத் தயாராகப் போங்கள். ஊர்த் திருவிழா, சர்ச் திருநாள் மேடையில் இரண்டு பாட்டுப் பாட இடம் கேளுங்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் மாவட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் பாட்டை ஃபைலாக அனுப்பாமல் லிங்காக அனுப்பச் சொல்லுங்கள். சந்தா அதிகமான அந்த நாடுகளிலிருந்து ஒருவர் கேட்டால், இங்கே ஒருவர் கேட்பதைவிடக் கூடுதலாகவே வரும்.

காசு பற்றி உள்ளதைச் சொல்கிறேன். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடினால்தான் அதற்குப் பணக்கணக்கே தொடங்கும். யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர், அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. உங்கள் 4 நிமிடப் பாட்டை 60,000 தடவை முழுதாகப் பார்த்தால்தான் 4,000 மணி நேரம் ஆகும். அதனால் ஐஸ் கம்பெனி வேலையை இப்போது விடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் கைக்கு வருகிற காசு மேடையிலிருந்துதான் வரும், தளத்திலிருந்து அல்ல.

சென்னைக்குப் போய் அறை எடுத்துத் தங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. பாட்டை ஏற்றுவதற்கு லேப்டாப்பும் நெட்டும் போதும், அது பாம்பனிலேயே இருக்கிறது. அங்கே யாராவது பெயர் சொல்லி அழைத்தால் சேது எக்ஸ்பிரஸில் போய்விட்டு வாருங்கள்.

கடைசியாக அம்மாவைப் பற்றி. இரண்டாவது பாட்டில் பின்னால் ஒரு பெண்குரல் கூடப் பாடுகிறது. மூன்றாவது நிமிடத்தில் மூச்சு வாங்கி, லேசாக இருமிவிட்டு, அடியை மறுபடி பிடிக்கிறது. அது அம்மா என்றே நினைக்கிறேன். அப்படியானால் விற்கலாமா வேண்டாமா என்று கேட்க வேண்டியவர்களில் அவரும் ஒருவர், அது அவர் குரலும் கூட. இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். நண்பரோடு எழுதுகிற தாளில் அவருக்கும் ஒரு பங்கு எழுதுங்கள். பாட்டை ஏற்றும்போது பாடியவர் என்ற இடத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் போடுங்கள். அந்த இருமலை எடுத்துவிடச் சொல்லி நண்பர் கேட்பார், எடுக்க விடாதீர்கள்.