சேர்க்கை நடைபெறுகிறது

கேள்வி: ஓரினச் சேர்க்கையாளர்கள் நம் ஊரில் சந்திக்கும் சிக்கல்கள் என்ன? சமூகம் அவர்களுக்கு எந்த வகையில் துணை நிற்கலாம்? சுருக்கமாகப் பதில் சொல்லவும்.
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்று தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள். போகட்டும். முதல் சிக்கல் உங்கள் கேள்வியின் இரண்டாவது சொல்லிலேயே உட்கார்ந்திருக்கிறது. சேர்க்கை.

தமிழில் இந்தச் சொல் எங்கெல்லாம் புழங்குகிறது என்று பாருங்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூட வாசலில் 'மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது'. தேர்தலுக்கு முன்னால் தெருமுனையில் 'உறுப்பினர் சேர்க்கை முகாம்'. பையன் பரீட்சையில் கோட்டை விட்டால் 'சேர்க்கை சரியில்லை'. இவற்றில் எதிலாவது அன்பு, ஆசை, ஏக்கம் என்ற வாடை வீசுகிறதா? ஒரு பெண் இன்னொரு பெண்ணை நினைத்து இரவெல்லாம் விழித்திருப்பதும், அவளுக்குக் காய்ச்சல் என்றால் மிளகு ரசம் வைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஓடுவதும் சேர்க்கை என்றால், உங்கள் கல்யாணப் பத்திரிகையிலும் 'நிகழும் மங்களகரமான ஆண்டில் ஈரினச் சேர்க்கை நடைபெற இருப்பதால் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து' என்றுதான் அச்சடித்திருக்க வேண்டும்.

இந்தச் சொல்லால் நான் பட்ட பாடு தனி. பல வருடங்களுக்கு முன் இதே இதழில் 'ஓரினச் சேர்க்கை: ஓர் அலசல்' என்று எட்டுப் பத்தித் தலைப்பில் ஒரு கட்டுரை வந்தது. அதற்கு நேர் கீழே ஒரு நகைச்சீட்டு நிறுவனத்தின் விளம்பரம்: 'புதிய உறுப்பினர் சேர்க்கை நடைபெறுகிறது. முந்துங்கள்! இடங்கள் குறைவு!' இதழ் கடைக்குப் போன அன்று காலை ஒன்பது மணிக்கு நகைச்சீட்டு முதலாளி தொலைபேசியில் வந்தார். "விளம்பரத்தைப் பார்த்து பதினேழு பேர் அழைத்தார்கள் சார். பதினேழு பேரும் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள்." பரிகாரமாக அடுத்த வாரம் இலவசமாகப் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டேன். போட்டோம். அந்த வாரம் அது போய் உட்கார்ந்த இடம், சீட்டுப் பணத்தோடு தலைமறைவான ஒருவரைப் பற்றிய செய்திக்குப் பக்கத்தில். அதன் பிறகு அவர் எங்களிடம் விளம்பரம் தரவில்லை. பக்கம் அமைத்தவர் இரண்டு வாரமும் ஒருவரே என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவர் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். இந்தப் பக்கத்தையும் அவர்தான் அமைக்கிறார்.

சிரித்தவர்கள் சிரித்தார்கள். கட்டுரையில் யாரைப் பற்றி எழுதியிருந்தோமோ அவர்களில் ஒருவர் அதைப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. 'ஓரினச் சேர்க்கை'க்குப் பதிலாகத் 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் பிறகுதான் என் மேஜைக்கு வந்தது. உடனே மாற்றினேன். எங்கள் மெய்ப்புத் திருத்துநர் மாற்றவிடவில்லை. 'வாசகருக்குப் புரியாது' என்றார். ஈர்ப்பு புரியாத வாசகருக்கு எதற்குப் பத்திரிகை என்று நான் கேட்க, மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. 2022இல் தமிழ்நாடு அரசே ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பாலிலும் ஈர்ப்பிலும் வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர்களைக் குறிக்கும் 'பால்புதுமையர்' அரசு முத்திரை பெற்றது அப்போதுதான். பட்டியலை வெட்டி அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். அதிலும் ஓர் ஒற்றுப்பிழை கண்டுபிடித்திருப்பதாகச் சொல்கிறார்.

சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு 'திருநங்கை'யைக் காட்டுவேன். அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்து, 2008 ஏப்ரலில் அவர்களுக்கென்று நல வாரியமும் அமைந்த பிறகு, அதற்கு முன் நாம் கூசாமல் அச்சடித்த சொற்களை இன்று எந்த ஏட்டிலாவது அச்சடிக்க முடியுமா?

இங்கே என் பழைய நண்பர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், அஞ்சலட்டையை எடுத்திருப்பார். 'இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு' என்பார். ஐயா, மேல்நாட்டுச் சரக்கு இந்த ஈர்ப்பைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு. 1860இல் வெள்ளைக்காரன் எழுதி வைத்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. அடுத்த அட்டையில் நன்னூலுக்குப் போவார். பேடு, அதாவது பால் திரிந்தவர், அஃறிணை போலவும் வரும் என்று பவணந்தியாரே சொல்லிவிட்டார் என்பார். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் உயர்திணைக்குள்தான் வைத்திருக்கிறார் என்று நான் எழுதுவேன். இந்தக் கடிதப் போர் பல வருடமாக நடக்கிறது. அஞ்சல் துறைக்கு இலாபம். ஒன்றை மட்டும் இருவருமே மறந்துவிடுகிறோம். அந்த நூற்பாக்கள் பால் திரிந்தவரைப் பற்றியவை. திண்டுக்கல்காரர் கேட்டது ஈர்ப்பைப் பற்றி. திருநங்கை வேறு, தன்பாலீர்ப்பாளர் வேறு. எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதில் எனக்கும் அவருக்கும் வேற்றுமை இல்லை.

'சேர்க்கை சரியில்லை'க்கு வருகிறேன். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. வேலூர் மாவட்டம். இருபத்தைந்து வயதுப் பெண்ணை வீட்டார் அடைத்து வைத்திருப்பதாக இன்னொரு பெண் போட்ட மனு. நீதிபதிகள் முன் பெண்ணின் தாய் சொன்னது, சுருக்கமாக, சேர்க்கை சரியில்லை: மனுதாரர்தான் மகளைக் கெடுத்தார், போதைப் பழக்கத்தையும் அவர்தான் உண்டாக்கினார். மகள் சொன்னது: வீட்டில் அடித்தார்கள், 'சரியாக்க' ஏதேதோ சடங்கு செய்தார்கள். போலீஸார் அவரைப் பெற்றோரோடு போகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அந்தப் பெண்ணை விடுவித்தார்கள். எல்லாத் தாய்மாரும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்று அந்தத் தாயைப் பற்றி இரக்கத்தோடே எழுதினார்கள். லீலா சேத் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். தன் மகனுக்காக வெளிப்படையாக எழுதிய தாய். திருமணத்துக்குச் சட்டம் இடம் தராவிட்டாலும் குடும்பமாக வாழலாம் என்றும் தீர்ப்பு சொன்னது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: ஆங்கிலத்தில் இவர்களை 'குயர்' என்பது நீதிபதிகளுக்கு உறுத்தியிருக்கிறது. அகராதியில் 'விசித்திரமான' என்று பொருள். தனக்கு இயல்பாக இருப்பதை ஒருவர் ஏன் விசித்திரம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் மெய்ப்புத் திருத்துநருக்கு உயர் நீதிமன்றத்திலும் ஆள் இருக்கிறது.

2021இல் மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு ஓடிவந்த வழக்கிலும் கதை ஏறக்குறைய இதுதான். அங்கே 'மகளைக் காணவில்லை' என்று பெற்றோர் புகார். எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள் என்று தெரிந்த பிறகும் அவள் காணாமல் போனவளாகவே ஏட்டில் இருக்கிறாள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று உத்தரவிலேயே ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான் தீர்ப்பு எழுதினார். சிகிச்சை என்ற பெயரில் 'மாற்றும்' வேலையைத் தடை செய்தார்.

ஆகவே, சமூகம் என்ன செய்யலாம் என்ற கேள்வியில் எனக்கு இடறும் இன்னொரு சொல் சமூகம். புகார் எழுதியது சமூகமா? அடித்தது? பூசாரிக்குத் தட்சிணை கொடுத்தது? அப்பா, அம்மா, தாய்மாமன்.

அடுத்தது வீட்டுக்காரர். வங்கியில் தன்பாலீர்ப்பாளர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் விளக்கம் தந்தது. வீட்டு உரிமையாளர் எவரும் அப்படி ஒரு விளக்கம் தந்து நான் படித்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் மாடி போர்ஷனுக்குச் சில வருடங்களுக்கு முன் இரண்டு பெண்கள் வந்தார்கள். முன்பணத்தைக் கவரில் போட்டே கொண்டுவந்திருந்தார்கள். சொந்தமா என்று கேட்டேன். 'நெருங்கிய தோழிகள்' என்றார் ஒருவர். இன்னொருவர் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் கஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எங்கள் கிணறு அந்த வருடம் கையால் மொள்ளும் உயரத்தில் கிடந்தது. வேலூர் வழக்கின் மனுதாரரும் பிரமாணப் பத்திரத்தில் தன்னை 'நெருங்கிய தோழி' என்றே எழுதியிருந்தார், அதற்கு மேல் எழுதத் தயங்கியிருக்கிறார் என்று தீர்ப்பில் படித்தபோது அந்தக் கவர் ஞாபகம் வந்தது. மனைவியிடம் சொன்னேன். "தண்ணீர்க் கஷ்டம் என்று நீங்கள் சொன்னபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அவர்களுக்கும் கேட்டது" என்றாள்.

திண்டுக்கல்லில் உங்களுக்கு வாடகைக்கு விடும் வீடு ஏதும் இருக்கிறதா?